பால் பொங்கிய வீடு

தணிகாசலம் தன் மனைவி பூங்காவனத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்தது, சர்க்கரை ஆலைக் குடியிருப்பின் பின்வாசற்படியில் அவள் முறத்தைச் சாய்த்துப் பிடித்துத் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது. மற்றவர்கள் அவளை அதற்குப் பிறகும் பார்த்தார்கள், மாதக்கணக்கில் பார்த்தார்கள், பேசினார்கள், சிரித்தார்கள், அவளுக்குப் பூ விற்றார்கள். அவருக்கு அதுதான் கடைசி. காலை ஷிப்டுக்குச் சைக்கிளை நகர்த்திக்கொண்டே, "கதவைச் சாத்திக்கோ, குரங்கு வருது" என்றார். அவள் தலை நிமிராமல், "அந்த ஊர்த் தண்ணி நல்ல தண்ணிங்க" என்றாள். குரங்கைப் பற்றிச் சொன்னதற்கு அது பதில் இல்லை. மதியச் சங்கு ஊதுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஆலைக்குள் அவர் வேலை பார்க்கும் பாய்லர் வாசலில் வந்து நின்றார். தணிகாசலம் வீட்டுக்குப் போனபோது அவள் கூடத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பருப்பு வெந்து இறக்கி மூடி வைத்திருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. அதோடு விடாமல், எப்போதும் செய்கிறபடி கீழே குனிந்து சிலிண்டரின் வாயையும் மூடிவிட்டுத்தான் அவள் போய்ப் படுத்திருந்தாள்.

அவர் ஓய்வு பெற இன்னும் சில வாரங்களே இருந்தன. ஆலைக் குடியிருப்பில் ஓய்வு நெருங்குகிறவர்களிடம் அந்தக் காலத்தில் ஒரே பேச்சுத்தான். வாழ்நாள் முழுக்க ஆலையின் வீட்டில் இருந்தவர்கள், ஒருநாள் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தே பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், எந்த ஊருக்குப் போவது என்பதைப் பெண்ணுக்கு வரன் பார்ப்பதுபோலப் பேசினார்கள். குணம் நல்ல குணம் ஆனால் குடும்பம் சரியில்லை என்பதுபோல, காற்று நல்ல காற்று ஆனால் வாடகை சரியில்லை என்றார்கள்.

"கோயம்புத்தூர் போங்க. உடம்பு தேறும், கையில இருக்கிறது கரையும்."

"கும்பகோணத்துல எல்லாமே கைக்கெட்டுற தூரம். கொசுவும்தான்."

"திருவண்ணாமலை போயிடுங்க தணிகாசலம். அங்க செத்தா புண்ணியம்."

"யோவ், இருக்கிறதுக்கு ஊர் பாக்கிறேன்யா நான், சாகிறதுக்கா பாக்கிறேன்?" என்று கேட்டு அவர் காண்டீனில் எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறார்.

பூங்காவனம் இந்தப் பேச்சு எதையும் நம்புகிறவள் இல்லை. அவள் பிறந்த ஊரில் கிணறெல்லாம் உப்பு; எத்தனை விறகு வைத்தாலும் பருப்பு கல்லாகவே கிடக்கும் அடுப்படியில் வளர்ந்தவள். அதனால் ஊர் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு மஞ்சள் பையில் துவரம்பருப்பும் சின்னப் பாத்திரமும் எடுத்துக்கொண்டாள். வீடு காட்டுகிறவர்கள் ஜன்னலையும் அலமாரியையும் திறந்து காட்டிக்கொண்டிருக்க, அவள் நேராக அடுப்படிக்குப் போய், "கொஞ்சம் அடுப்பைப் பத்த வெக்கட்டுமா?" என்று கேட்டு, அந்த ஊர்த் தண்ணீரில் பருப்பை ஏற்றிவிட்டு அதன் முன்னால் நிற்பாள். ஒரு ஊரில் பருப்பு மணல்போல நின்றது, ஒரு ஊரில் கறுத்தது, ஒரு ஊரில் மேலே மட்டும் குழைந்து உள்ளே விறைத்துக் கிடந்தது. "இந்த ஊர் வேணாம்" என்று அவள் பையைக் கட்டிவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

தணிகாசலம் பார்க்கிற முறை வேறு. அவர் பாய்லர் ஆள். படிப்பு எட்டாவதோடு சரி. நிலக்கரி தள்ளப் போய்ச் சேர்ந்து, பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துப் பார்த்தே வேலை கற்று, அந்த இரும்பு யானையை அடக்கி வைக்கிற இடத்துக்கு வந்தவர். அழுத்தம் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தொட நினைக்கும் முன்பே அவர் கை வால்வுக்குப் போயிருக்கும். வீட்டிலும் அந்தக் கை சும்மா இருந்ததில்லை. பால் சட்டியில் நுரை விளிம்புக்கு ஏறும்போது அவர் கூடத்தில் இருந்தாலும் கொல்லையில் இருந்தாலும் எழுந்து ஓடி வந்து அடுப்பின் திருகைக் குறைத்துவிடுவார். "பால் பொங்கினா வீடு ஒண்ணும் முழுகிடாது" என்பாள் அவள். "பொங்க விட்டுப் பாக்கிறது என் பழக்கம் இல்ல" என்பார் அவர். வருஷத்துக்கு ஒருநாள், தைப்பொங்கலன்று காலையில், "மெயின் கேட்டு கடைல பேப்பர் வாங்கிட்டு வாங்க, இன்னைக்குப் பொங்கல் மலர் வரும்" என்று அவரை அனுப்புவாள். அந்த மலரை அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை என்பது அவர் கவனத்துக்கு வந்ததில்லை.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் இருவரும் நெடுவிளைக்குப் போனார்கள். தென்காசியிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகிற பஸ்ஸில் கடைசி நிறுத்தம் அது. ஊர் முழுக்க வெயிலும் சாரலும் ஒரே நேரத்தில் விழுந்துகொண்டிருந்தன; துணி காயப்போட்டவர்கள் எடுக்கவும் இல்லை, காயும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. பலசரக்குக் கடை மைதீன்பிச்சைதான் ஊரில் காலி வீடு காட்டுகிறவர். அவர் காட்டிய வீடு ஓட்டு வீடு, சின்ன வீடு, பட்டணத்தில் அந்த வாடகைக்குக் கார் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. வீட்டுக்காரி சங்கரவடிவு அடுத்த வீட்டில் இருந்தாள். புருஷன் பம்பாயில் கடை வைத்திருந்ததால் இரண்டு வீட்டுக்கும் அவளே ராணி.

குடிவருகிறவர்களுக்கென்று சங்கரவடிவு விட்டுவைத்திருந்த காஸ் அடுப்பில் பூங்காவனம் பருப்பை ஏற்றினாள். அது கொதி வந்ததும் மலர்ந்தது. விரலால் ஒன்றை எடுத்து நசுக்கினாள். வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. அவள் அதைக் கணவரிடம் நீட்டிக் காட்டினாள்.

"பாருங்க."

"பாத்தேன். ஆஸ்பத்திரி எங்கேன்னு கேட்டியா?"

அதைக் கேட்கத்தான் அவர் மைதீன்பிச்சையைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார். ஆஸ்பத்திரி தூரம், கடைசி பஸ் பொழுது சாயும் முன்னாலேயே போய்விடும், இருட்டிய பிறகு நெஞ்சைப் பிடித்தால் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று அவர் சொல்ல, "இந்த ஊர்ல யாருக்கும் நெஞ்சு வலிக்காது சார், காத்து அப்பிடி" என்று மைதீன்பிச்சை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் சாரல் வலுத்தது. குளிருக்குக் காபி போடலாம் என்று சங்கரவடிவு தன் வீட்டிலிருந்து பால் கொண்டுவந்து கொடுக்க, பூங்காவனம் அதை அந்தக் காலி வீட்டு அடுப்பிலேயே வைத்துவிட்டு, ஓட்டிலிருந்து நீர் இழையிழையாக இறங்குவதை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். திருகைக் குறைக்க ஓடி வருகிற ஆள் தெருவில் நின்றார். பால் ஏறியது, விளிம்பைத் தாண்டியது, மேடையெங்கும் வழிந்து சுவரோரமாக ஓடியது.

சங்கரவடிவு இரண்டு கையையும் வாய்க்குக் கொண்டுபோய்க் குலவை போட்டாள். போட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏ யம்மா, ஆடியில பொங்கிட்டே!"

புது வீட்டில் பால் பொங்கினால் குடிவந்தாயிற்று என்று அர்த்தம். ஆடியில் யாரும் குடிவருவதில்லை என்பதும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திரும்பி வருகிற பஸ்ஸில் தணிகாசலம் எரிச்சலோடு சொன்னார், "நாம எங்க குடிவந்தோம்? காபி போட்டோம், அவ்வளவுதான்."

"அந்தம்மா குலவை போட்டுட்டாங்களே" என்று பூங்காவனம் சிரித்தாள். மலை பனைமரங்களுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவர் ஆவடியில் மகள் சுகந்தி வீட்டுத் தெருவிலேயே தரைத்தளத்தில் ஒரு பிளாட்டை முடிவு செய்தார். ஆஸ்பத்திரி பக்கம், மகள் பக்கம், பஸ்ஸுக்குப் பஸ், ரயிலுக்கு ரயில். அதைப் பார்க்கப் போனபோது பூங்காவனம் மஞ்சள் பையைத் திறக்கவே இல்லை. "இங்க எல்லாரும் கேன் தண்ணிதான். கேனுக்கு எதுக்குப் பருப்பு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அது ஆவணி. புரட்டாசியில் அவள் பின்வாசற்படியில் பருப்புப் பொறுக்கினாள், அடுப்பை அணைத்தாள், சிலிண்டரை மூடினாள், படுத்தாள்.

ஆண்பிள்ளை இல்லாததால் தணிகாசலமே கொள்ளி வைத்தார். சாம்பலைப் பெண்ணையாற்றில் தானே இறங்கிக் கரைத்தார். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் போன மறுநாள் போன் வந்தது.

"சார், நெடுவிளையில இருந்து சங்கரவடிவு பேசுதேன். அம்மா நல்லபடியா வந்து சேந்துட்டாவ. நீங்க எப்போ வாறீய?"

"எந்த அம்மா?"

"என்ன சார் இப்பிடிக் கேக்கீய? உங்க வீட்டம்மாதான். பருப்பு அம்மா."

அவர், "அவ தவறிப் போயிட்டாம்மா" என்றார்.

"ஆமா, சொன்னாவ. ரொம்பக் கஷ்டப்படலையாம்லா. நெஞ்சுல ஒரு இறுக்கு இறுக்குச்சாம், அம்புட்டுதானாம்." அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "சாமான் எப்போ ஏத்துதீய சார்? படுக்க ஒரு பாய்கூட இல்லாம வந்திருக்காவ. எங்க வீட்டுப் பாயைத்தான் குடுத்திருக்கேன்."

அவர் ஓய்வு பெற்று ஆலை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று, ஆவடிக்கு என்று பேசி வைத்திருந்த லாரி தெற்கே போனது. சுகந்தி போனில் கத்தினாள், அழுதாள், அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். தணிகாசலம் டிரைவர் பக்கத்தில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நெடுவிளையில் லாரி நின்றதும் தெருவே வந்து சாமான் இறக்கியது. "அந்தப் பீரோவைக் கிழக்க பாத்து வைக்கச் சொல்லுதாவ" என்றான் பால்காரன் இசக்கி, உள்ளே எட்டிப் பார்த்து. "வாசல்ல கோலத்த மிதிச்சிராதீய சார்" என்றாள் சங்கரவடிவு. அவர் கீழே பார்த்தார். தண்ணீர் தெளித்த மண் மட்டும் இருந்தது. அவர் உள்ளே போய்க் கூடத்தைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அந்த இடத்தைப் பார்த்தார். அங்கே ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே மழை இருந்தது.

ஊருக்கு இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது தீட்டு. டீக்கடையில் அது பேசப்பட்டது. இறந்தது ஆலை வீட்டில், இங்கே நடந்தது பால் காய்ச்சு; எனவே துக்கம் அந்த வீட்டுக்கு, மங்கலம் இந்த வீட்டுக்கு என்று பெரியவர்கள் பிரித்து முடித்தார்கள். அப்படி முடிந்த பிறகு பெண்கள் அடுத்த கணக்குக்குப் போனார்கள்: புருஷன் இருக்கும்போது பொட்டோடும் பூவோடும் போனவள், இனி அந்தப் பொட்டை யாராலும் எதனாலும் அழிக்க முடியாது, அப்படி ஒரு சுமங்கலி இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. அதற்குப் பிறகு நெடுவிளையில் பந்தக்கால் நட்டாலும் வளைகாப்பு நடந்தாலும் முதல் மஞ்சளைத் தொட்டு வைக்கப் பூங்காவனத்தைத்தான் கூப்பிட்டார்கள். பூக்காரி அவளுக்கு முழம் அளக்காமல் கை நிறையக் கொடுத்தாள். மைதீன்பிச்சை கடையில் புதுப் பருப்பு மூட்டை பிரித்தால் முதலில் அவளிடம் காட்டினார். அவள் தலையை ஆட்டினால்தான் ஊர் அந்தப் பருப்பை வாங்கியது. குளத்துப் பக்கம் குளிக்கிற பெண்கள் அவளுக்கு ஒரு படித்துறைக் கல்லை விட்டுவைத்தார்கள். ஆடியில் பொங்கிய பால் என்பதால்தான் பாதிக் குடும்பம் மட்டும் வந்து சேர்ந்தது, மீதியும் தானாக வந்துவிடும் என்று டீக்கடையில் ஒரு முடிவு இருந்தது.

மீதி என்றால் அவர்தான். அவர் தினமும் டீக்கடையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை அவளைப் பார்க்க வேண்டும். தூக்கத்தில் இல்லை, படத்தில் இல்லை, இசக்கி பார்க்கிறானே, பூக்காரி பார்க்கிறாளே, தெருவில் போகிற ஆட்டுக்காரன் நின்று "என்னம்மா, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டுவிட்டுப் போகிறானே, அதுபோலப் பார்க்க வேண்டும். பெண்கள் வீட்டுக்கு வருவார்கள். "வாரோம் சார்" என்று அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, அவருக்கு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளிப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார்கள். பேச்சு நீளும். நடுநடுவே நிறுத்திக் கேட்பார்கள், பிறகு எல்லோரும் ஒன்றாகச் சிரிப்பார்கள், கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். ஆலைக் குடியிருப்பில் பூங்காவனம் பேசுவதே அபூர்வம்; நாலு வார்த்தைக்குமேல் போனால் அன்றைக்கு ஏதோ விசேஷம். இங்கே அவள் ஒரு தெருவையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னா?" என்று அவர் கேட்பார்.

"அதெல்லாம் பொம்பள பேச்சு சார்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போவார்கள்.

யோசனை சொல்ல எல்லோரும் இருந்தார்கள். அம்மா பால் பொங்கி வந்தாள், சாரும் பால் பொங்கித்தானே வர முடியும்? ஐப்பசியில் நல்ல நாள் பார்த்தார்கள். இசக்கி ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்தான்.

"ஒரு சொட்டுத் தண்ணி கலக்காத பாலு சார். சாருக்காகவே கறந்தேன்."

"அப்போ மத்த நாளு?"

"அது வேற சார்."

தெருப் பெண்கள் குலவைக்குத் தயாராக நின்றார்கள். பால் ஏறியது. நுரை விளிம்பைத் தொட்டது. தணிகாசலத்தின் கை போய்த் திருகைக் குறைத்தது. குறைத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. பெண்கள் வாய்க்குக் கொண்டுபோன கையை இறக்கிக்கொண்டார்கள். மறுபடியும் வைத்தார்கள், மறுபடியும் குறைத்தார். இன்னொரு நல்ல நாளில் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பால் ஏறும்போது வருகிற அந்த ஓசை, இரைச்சல் அடங்கி மூச்சுப் பிடிப்பதுபோல ஒரு அமைதி வருமே, அதைக் கேட்டதும் உட்கார்ந்தபடியே எம்பிப் போய் ஊதினார். இசக்கி பார்த்துவிட்டு, "சாரைத் தூணோட கட்டிப்போட்டாத்தான் உண்டு" என்றான். கட்டியும் பார்த்தார்கள். பால் திரிந்துபோனது.

மார்கழியில் சுகந்தி வந்தாள். அப்பாவைக் கையோடு கூட்டிப் போவது என்று முடிவு செய்துகொண்டு, ரயில் டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். படி ஏறும்போதே, "பையை எடுங்கப்பா, இந்தக் கூத்து போதும்" என்றாள். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளே அவள் குரல் மட்டும் கேட்டது, முதலில் கத்தியது, பிறகு விம்மியது, பிறகு சின்ன வயதில் பேசுவதுபோலக் குழைந்தது. வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"அம்மா இளைச்சிட்டாங்கப்பா."

தணிகாசலம் அவளைத் தாண்டி அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். மகளுக்கும் அவள் தெரிகிறாள்.

"எனக்குத்தாம்மா தெரியல" என்றார். "என்மேல என்ன கோவம் அவளுக்கு? கேளு. அந்த பிளாட்டுக்காகவா?"

சுகந்தி அவரையே பார்த்தாள். "உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

"என்ன?"

"அம்மாவுக்கும் உங்களைத் தெரியலப்பா. நீங்க இன்னும் வரலன்னு நெனச்சிட்டிருக்காங்க. பீரோ வந்துச்சு, கட்டில் வந்துச்சு, அவரு ஏன் இன்னும் வரலன்னு என்னைக் கேக்கிறாங்க. இங்க இருக்கிறவங்க எல்லாம் சார் உள்ளதான் இருக்காருன்னு சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு சிரிக்கிறாங்களாம்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தை வரைக்கும் பாப்பாங்களாம். அதுக்கு மேல ஒத்தையா ஒரு வீட்ல இருக்க முடியாது, நான் வேற ஊர் பாத்துக்கிறேன்னு சொல்றாங்க."

சுகந்தி தனியாக ரயில் ஏறினாள். டிக்கெட் ஒன்று வீணாகப் போனது.

அதற்குப் பிறகு தணிகாசலம் வீட்டுக்குள் நடக்கும்போது சத்தமாக நடந்தார். இருமினார். பாத்திரத்தை வேண்டுமென்றே உருட்டினார். "நான் இங்கதான் இருக்கேன் பூங்கா" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார், அடுப்படியைப் பார்த்துச் சொன்னார், எங்கே நிற்கிறாள் என்று தெரியாததால் ஒவ்வொரு மூலையிலும் நின்று சொன்னார். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் வழிபார்த்துக்கொண்டு, ஒருவேளை ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு, ஒரே கதவை மாற்றி மாற்றித் திறந்து தெருவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம் என்ற நினைப்பு வந்தால் அவரால் உட்கார முடியவில்லை.

மார்கழி முடிகிற சமயத்தில் சங்கரவடிவு கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசினாள்.

"அன்னைக்கு அம்மா என்ன சொன்னாவன்னு கேட்டீயல்லா சார். சொல்லட்டா? கோவப்படக் கூடாது."

"சொல்லும்மா."

"வருசா வருசம் பொங்கலன்னைக்கு உங்களைப் பேப்பர் வாங்க அனுப்பிருவாவளாம்லா. நீங்க வீட்டுல இருந்தா பானையப் பொங்க விட மாட்டீயளாம். நீங்க அந்தப் பக்கம் சைக்கிள எடுத்ததும், இந்தப் பக்கம் பொங்க விட்டுட்டு, நீங்க வாறதுக்குள்ள மேடையத் தொடச்சு வச்சிருவாவளாம்." அவளால் இப்போதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்க நடக்க மாதிரி நடந்துல்லா காட்டுனாவ."

தணிகாசலம் கோபப்படவில்லை. மடித்த பேப்பரும் அதற்குள் பொங்கல் மலருமாக, ஒவ்வொரு வருஷமும் அவர் வீட்டுக்குள் நுழையும்போது அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே "வந்துட்டீங்களா" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அத்தனை வருஷமும் அந்தக் கை ஏன் ஈரமாக இருந்தது என்று இப்போது தெரிந்தது.

தை பிறந்தது. ஊரெல்லாம் வாசலில் பானை வைத்தார்கள். துக்கம் நடந்த வருஷம், அவர் பொங்கல் வைக்கக் கூடாது; "பாலுதான சார் காய்ச்சுதீய, பாலுக்கு என்ன" என்று சங்கரவடிவு சொல்லியிருந்தாள். இசக்கி கொண்டுவந்த பாலைச் சட்டியில் ஊற்றினார். அடுப்பைப் பற்ற வைத்து, திருகை முழுக்கத் திறந்தார். கை மறுபடியும் குறைக்கப் போனது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். எரிகிற நெருப்பை ஆள் இல்லாமல் விட்டுவிட்டு அவர் இந்த ஜென்மத்தில் ஒரு அடி நகர்ந்ததில்லை. ஷிப்டு மாற்ற ஆள் வராத நாட்களில் பசியோடும் காய்ச்சலோடும் பாய்லர் முன்னாலேயே நின்றவர்.

"பேப்பர் வாங்கிட்டு வரேன்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

செருப்பை மாட்டினார். படி இறங்கினார். தெரு நெடுக்க அடுப்பும் புகையும் பிள்ளைகளும் கரும்பும். "என்ன சார், நல்ல நாளும் அதுவுமா எங்க கெளம்பிட்டீய?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் நடந்தார். முள் ஏறுகிறது என்று அவர் முதுகுக்குத் தெரிந்தது. இப்போது பாதி. இப்போது முக்கால். கால் திரும்பப் பார்த்தது, அவர் விடவில்லை. மைதீன்பிச்சை கடையில் வந்து மரப்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"பேப்பர்."

"பொங்கல் மலர் தனியா இருக்கு சார், வேணுமா?"

"வேணும்."

"உக்காருங்க. சர்பத் போடட்டுமா?"

"வேணாம்" என்றார். ஆனால் திரும்பவும் இல்லை. அங்கேயே நின்று பேப்பரைப் பிரித்தார், ஒரு எழுத்தும் கண்ணில் நிற்கவில்லை, மடித்தார், மறுபடியும் பிரித்தார். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது, தாண்டியது, அதற்குமேல் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாத இடத்துக்குப் போனது. அப்போது சங்கரவடிவின் குலவை கேட்டது.

அவர் ஓடவில்லை. பேப்பரை அக்குளில் வைத்துக்கொண்டு, எல்லாப் பொங்கலுக்கும் வந்ததுபோல நடந்து வந்தார். சங்கரவடிவு அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். "நான் உள்ள போகல சார். தீய்ஞ்ச பால் வாசன சுவர் தாண்டி வந்துச்சு, இங்க நின்னே போட்டுட்டேன்" என்றாள். அவர் வீட்டுக்குள் போனார். கூடத்தில் யாரும் இல்லை. அடுப்படியில் யாரும் இல்லை. பால் பொங்கி வழிந்து மேடை நிறைய ஓடியிருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. பால் வழிந்து அணைந்ததோ என்று திருகைப் பார்த்தார், அது மூடியிருந்தது. பிறகு குனிந்தார். குனிய இடுப்பு வலித்தது. சிலிண்டரின் வாயும் மூடியிருந்தது.

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் கைபட்ட ஒன்றை அவர் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. "வந்துட்டேன்" என்றார். வெளியே தெருவில் பொங்கலோ பொங்கல் என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

அன்றிலிருந்து நெடுவிளையில் யாரும் பூங்காவனத்தைப் பார்க்கவில்லை. பூக்காரி கூடையோடு வந்து நின்றாள், உள்ளே பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒரு முழம் அளந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். படித்துறைக் கல்லில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். சார் வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டுக் காலை பஸ்ஸில் வேறு ஊர் பார்க்கப் போயிருப்பாள், நல்ல தண்ணீர் உள்ள ஊர் உலகத்தில் இது ஒன்றா என்றார் மைதீன்பிச்சை. அதெல்லாம் இல்லை, புருஷன் வந்த பிறகு எந்தப் பெண் தெருவில் நின்று பேசிக்கொண்டிருப்பாள், உள்ளேதான் இருக்கிறாள் என்றான் இசக்கி. டீக்கடை இரண்டாகப் பிரிந்தது, கொஞ்ச நாளில் வேறு பேச்சுக்குப் போனது.

"அம்மா இருக்காவளா சார்?" என்று யாராவது கேட்டால், "உள்ள இருக்கா" என்பார் தணிகாசலம். அது அவருக்கு உறுதியாகத் தெரியாது. ஆவடி பிளாட்டுக்கு வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். அவர் நெடுவிளையிலேயே இருக்கிறார். மஞ்சள் பையில் மீதி இருந்த பருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமைத்தார். எல்லாம் நன்றாக வெந்தது. அடுத்த வருஷம் வெள்ளையடிக்க ஆள் வந்தபோது அடுப்படியை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

மேடையில் இரண்டு கறை இருக்கிறது. ஆடியில் பொங்கியது சுவரோரம். தையில் பொங்கியது அடுப்புக்கு இந்தப் பக்கம்.